கானாங்கெளுத்தியின் வயதையும் வளர்ச்சியையும் கணிப்பது எப்படி?

ஒரு மீனினத்தை எவ்வளவு பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழ் பிடிக்கக் கூடாது, வலைக்கண் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தேடும் எவரும், அந்த மீன் எவ்வளவு வேகமாக வளர்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்ற இரண்டு கேள்விகளை முதலில் கடந்தாக வேண்டும். இவற்றில் பிழை நேர்ந்தால் விளைவு சிறியதாக இராது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கடல்களின் ஆரஞ்சு ரஃபி என்னும் ஆழ்கடல் மீன் சில பத்தாண்டுகளே வாழும் என்று எண்ணி அளவின்றிப் பிடித்தார்கள். அது நூறு ஆண்டுகளையும் கடந்து வாழக்கூடியது என்பது, மீனின் தலைக்குள் உள்ள சிறு கற்களான செவிக்கற்களின் கதிரியக்க அளவீட்டால் உறுதிப்பட்டபோது, பல இடங்களில் இருப்பு வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது. நம் கரையோர மீன்களில் ஆபத்து வேறு விதமானது. இவை குறுகிய வாழ்நாள் கொண்டவை. ஆறு மாத வயதை ஓராண்டு என்று எழுதினாலே வளர்ச்சி, இறப்பு, பிடிக்கத்தக்க அளவு என எல்லாக் கணக்கும் தலைகீழாகிவிடும்.

குளிர்நாட்டுக் கடல்களில் வயதறிவது ஒப்பீட்டளவில் எளிது. குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகி, கோடையில் விரைவதால், செவிக்கல்லிலும் செதிலிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாகப் பதிகிறது. நம் கடலில் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வளையம் போலத் தெரியும் கோடு, பருவமழையாலோ முட்டையிடுதலின் களைப்பாலோ இரைப் பஞ்சத்தாலோ தோன்றியிருக்கலாம். ஆண்டுக்கு இரண்டும் தோன்றலாம், ஒன்றும் தோன்றாமலும் போகலாம். ஆகவே, என் கருத்தில், இங்கே தொடங்குபவர் ஓராண்டு முழுதும் மாதந்தோறும் ஒழுங்காக நீளம் அளப்பதையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும். செவிக்கல் அதைச் சரிபார்க்கும் சாட்சி. கணினி மென்பொருள் கடைசியில்தான் வர வேண்டும். மாதிரி கோணலாக இருந்தால் எந்த மென்பொருளும் அதை நிமிர்த்தாது.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டாகக் கொள்வது கானாங்கெளுத்தியை. குமரிப் பக்கம் அயிலை என்றும் சில ஊர்களில் கும்பளா என்றும் சொல்லப்படும் இதன் அறிவியல் பெயர் ராஸ்ட்ரெலிகர் கனகுர்தா. கூட்டமாகத் திரிவது, விரைந்து வளர்வது, தமிழ்நாட்டின் இரு கரைகளிலும் ஏலத்துக்கு வருவது ஆகிய மூன்று காரணங்களால் இது பயில்வோருக்கு ஏற்ற மீன். பின்னால் வரும் கணக்குகளில் உள்ள எண்கள் முறையை விளக்குவதற்காக நான் அமைத்தவை. அவற்றை எந்தக் கரையின் ஆய்வு முடிவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாதிரி எடுத்தல்

முதலில் எந்த வலையில் பிடிபட்ட மீனை அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். செவுள் வலை தன் கண்ணுக்குப் பொருந்தும் மீனையே பிடிக்கும். அதைவிடச் சிறியது கண்ணுக்குள் புகுந்து போய்விடும். பெரியது மாட்டாமல் திரும்பிவிடும். எனவே ஒரே கண்ணளவுள்ள செவுள் வலையின் மீன்களை மட்டும் ஆண்டு முழுதும் அளந்தால், எல்லா மாதமும் நீளப் பரவலின் முகடு, அதாவது மீன்கள் மிகுதியாக உள்ள நீளம், ஒரே இடத்தில் நிற்கும். மீன் வளரவே இல்லை என்பது போன்ற தோற்றம் உண்டாகும். இழுவை மடியும் கரைவலையும் பல அளவு மீன்களைச் சேர்த்து வாரிக்கொண்டு வருவதால் இந்த வேலைக்கு அவையே மேல். அவை கிடைக்காத இடத்தில், வெவ்வேறு கண்ணளவுள்ள செவுள் வலைகளிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொரு வலைக்கும் தனித்தாளில் குறித்துவைக்க வேண்டும். வலையின் பெயரும் கண்ணளவும் இல்லாத நீளப் பட்டியல் பிற்பாடு எதற்கும் உதவாது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. அந்த நாட்களில் இழுவை மடி கரைக்கு வராது. நாட்டுப்படகுகள் மட்டுமே கடலுக்குப் போகும். மாதிரி அறுபடக் கூடாது என்பதற்காக இந்த இடைவெளியில் நாட்டுப்படகின் செவுள் வலை மீனை அளப்பதில் தவறில்லை. ஆனால் மார்ச்சின் இழுவை மடி முகட்டையும் மே மாதத்தின் செவுள் வலை முகட்டையும் கோடிட்டு இணைத்து, அதை வளர்ச்சி என்று எழுதக் கூடாது. அங்கே மாறியது வலையாகவும் இருக்கலாம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது என்பதால், இரு கரை மாதிரிகளையும் கலந்து ஓட்டையை அடைத்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். இரு கரை மீன்களும் ஒரே இருப்பை, அதாவது தமக்குள் கலந்து இனம்பெருக்கும் ஒரே மீன் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டாதவரை அப்படிக் கலப்பது முறையன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கையால் படகுகள் கட்டப்பட்டுக் கிடக்கும் வாரங்களும் உண்டு. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடுவது நல்லது.

இறங்குதளத்தில் கவனிக்க வேண்டியது தரம் பிரிப்பு. மீன் ஏலத் தளத்துக்கு வருவதற்குள் பெரியது, நடுத்தரம், பொடி என்று கூடை கூடையாகப் பிரிந்துவிடும். பெரிய மீன் கூடையிலிருந்து மட்டும் அளப்பது, பார்வைக்கு நல்லதாக இருக்கும் மீனைக் கை தானாக எடுப்பது ஆகிய இரண்டுமே மாதிரியைக் கெடுக்கும். பிரிப்பதற்கு முன்பே படகில் ஏறி, குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு கூடை அள்ளி, அதிலுள்ள மீன் எதையும் விடாமல் அளப்பதே சிறந்தது. அதற்கு வாய்ப்பில்லாதபோது ஒவ்வொரு தரத்திலிருந்தும் தனித்தனி மாதிரி எடுத்து, அந்தத் தரத்தின் மொத்த எடைக்கு ஏற்பப் பெருக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு படகின் பொடித் தரம் 400 கிலோ, நீங்கள் அளந்தது 8 கிலோ என்றால், அந்த மாதிரியின் ஒவ்வொரு நீளப் பிரிவு எண்ணையும் 50-ஆல் பெருக்க வேண்டும். இதே படகின் பெரிய தரம் 60 கிலோ, அளந்தது 6 கிலோ என்றால் அங்கே பெருக்கும் எண் 10. இப்படிப் பெருக்காமல் இரண்டையும் அப்படியே கூட்டினால், கடலில் அரிதாக உள்ள பெரிய மீன் தாளில் ஏராளமாகத் தெரியும்.

வியாபாரிகளும் படகுக்காரர்களும் காலையில் அவசரத்தில் இருப்பார்கள். மீனைக் கீழே போட்டு நசுக்காமல், ஐஸ் உருகுமுன் திருப்பிக் கொடுப்பவருக்குத்தான் அடுத்த வாரமும் கூடை கிடைக்கும். அறிமுகம் ஏற்படும் வரை மாதிரியை விலை கொடுத்து வாங்கிவிடுவது எளிது. செவிக்கல் எடுப்பதற்கு எப்படியும் சில மீன்களை வாங்கித்தான் ஆக வேண்டும்.

வாரம் ஒருமுறை அளப்பது நல்லது. குறைந்தது மாதம் இருமுறை. மாதத்துக்கு 200 முதல் 300 மீன்கள் வரை அளந்தால் முகடுகள் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஒரே நாளில் ஒரே படகிலிருந்து 300 மீன் அளப்பதைக் காட்டிலும் நான்கு நாட்களில் பல படகுகளிலிருந்து அதே எண்ணிக்கையை அளப்பது மேலானது. ஏனெனில் கானாங்கெளுத்தி அளவொத்த கூட்டமாகத் திரியும் மீன். ஒரு படகு ஒரு கூட்டத்தையே வளைத்திருக்கக்கூடும்.

அளத்தல்

அளவுப் பலகையின் தலைப்பக்கத் தடுப்பில் வாய் மூடிய நிலையில் மூக்கு நுனி படும்படி மீனை வைத்து, வால்துடுப்பை இயல்பான நிலையில் விட்டு அளக்க வேண்டும். கானாங்கெளுத்தியின் வால் ஆழமாகப் பிளந்தது. இறங்குதளத்துக்கு வரும்போது நுனிகள் பெரும்பாலும் முறிந்திருக்கும். ஆகவே மூக்கிலிருந்து வால் பிளவின் உட்புள்ளி வரையிலான கவை நீளத்தை எல்லா மீன்களுக்கும், வால் முழுமையாக உள்ள மீன்களுக்கு மட்டும் மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ளலாம். இரண்டும் உள்ள நூறு மீன்கள் சேர்ந்துவிட்டால், ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடும் நேர்கோட்டுச் சமன்பாட்டை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது இந்தச் சமன்பாடு கட்டாயம் தேவைப்படும். ஒருவர் கவை நீளத்திலும் மற்றவர் மொத்த நீளத்திலும் சொன்ன எண்களை அருகருகே வைத்து, ‘எங்கள் கரை மீன் பெரியது’ என்று எழுதிய அறிக்கைகள் இல்லாமல் இல்லை.

மில்லிமீட்டர் வரை படித்துக் குறித்துவிட்டு, பிரிவாகத் தொகுப்பதைப் பிறகு செய்யலாம். 30 செ.மீ. வரை வளரும் மீனுக்கு 1 செ.மீ. பிரிவு போதும். பிரிவு மிகக் குறுகினால் ஒவ்வொரு தற்செயல் மேடும் முகடாகத் தோன்றும். மிக விரிந்தால் இரண்டு வயதுக்குழுக்கள் ஒரே மேட்டுக்குள் மறைந்துவிடும். மீன் புதிதாக இருக்கும்போதே அளந்துவிட வேண்டும். உறையவைத்த மீனும் ஃபார்மலினில் இட்ட மீனும் சுருங்கும். ஒரு மாதம் புதிய மீனையும் அடுத்த மாதம் உறைந்த மீனையும் அளந்தால் அந்தச் சுருக்கம் வளர்ச்சிக் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

அளந்தவற்றில் சிலவற்றை எடை போட்டு, வயிற்றைத் திறந்து, ஆண் பெண் வேறுபாட்டையும் சினைப்பையின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். முற்றிய சினையுள்ள பெண் மீன்கள் எந்த மாதங்களில் மிகுதி என்று தெரிந்தால், சிறிய மீன்களின் புதிய முகடு எப்போது தோன்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

முகடுகளைப் பிரித்துத் தொடர்தல்

ஒரே காலத்தில் பிறந்த மீன்கள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கும். நீளப் பரவலில் அவை ஒரு மேடாகத் தெரியும். மாதம் செல்லச் செல்ல அந்த மேடு வலப்பக்கம் நகரும். டென்மார்க்கின் பீட்டர்சன் 1890-களில் முன்வைத்த இந்த எண்ணமே நீளவழி வயதறிதல் அனைத்துக்கும் அடிப்படை. சிக்கல் என்னவென்றால், மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றைப் பிரிக்க 1967-இல் சி. ஜி. பட்டாச்சார்யா வெளியிட்ட முறை, காகிதமும் பென்சிலும் கொண்டே செய்யக்கூடியது. மென்பொருளைத் தொடுமுன் ஒருமுறையாவது கையால் செய்து பார்ப்பது நல்லது.

ஒரு மாதத்தின் மாதிரியில் 13–14 செ.மீ. பிரிவில் 12 மீன், 14–15இல் 43, 15–16இல் 82, 16–17இல் 82, 17–18இல் 43, 18–19இல் 12 என்று கொள்வோம். ஒவ்வொரு பிரிவின் எண்ணையும் அதற்கு முந்தைய பிரிவின் எண்ணால் வகுத்து, அதன் இயல் மடக்கையைக் கண்டால், 14, 15, 16, 17, 18 செ.மீ. என்ற எல்லைகளில் முறையே 1.28, 0.65, 0, −0.65, −1.28 கிடைக்கும். இவற்றை வரைபடத்தில் குறித்தால் இடமிருந்து வலமாக இறங்கும் நேர்கோடு ஒன்று அமைகிறது. அதன் சாய்வு ஏறத்தாழ −0.64. கோடு சுழியைக் கடக்கும் இடமான 16 செ.மீ. அந்தக் குழுவின் சராசரி நீளம். பிரிவு இடைவெளியான 1-ஐ 0.64-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் வரும் 1.25 செ.மீ. அதன் திட்டவிலக்கம். உண்மைத் தரவில் கோடு இவ்வளவு அழகாக இராது. ஒரு குழுவைப் பிரித்தெடுத்து அதன் எண்ணிக்கையை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதில் அடுத்த இறங்கு கோட்டைத் தேடிச் செல்ல வேண்டும். மூன்று புள்ளிகளுக்குக் குறைவாக உள்ள கோட்டை நம்ப வேண்டாம். அடுத்தடுத்த இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டை இரட்டித்து, அவற்றின் திட்டவிலக்கங்களின் கூட்டலால் வகுத்தால் வரும் எண் 2-க்குக் குறைவாக இருந்தால், அவற்றை இரு குழுக்களாகப் பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதே சரி.

அடுத்தது, ஒரு மாதத்தின் முகட்டை மறுமாதத்தின் எந்த முகட்டோடு இணைப்பது என்ற முடிவு. இந்த முழு வேலையிலும் மிகக் கடினமானது இதுவே. மென்பொருள் இதை உங்களுக்காகச் செய்யாது, செய்வதுபோல் காட்டும். கானாங்கெளுத்தியின் முட்டையிடும் காலம் நீண்டது. ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதிய குஞ்சுகள் வந்து சேரும். பெரிய மீன்கள் கூட்டமாக வேறு இடம் பெயர்ந்தால் முகடு பின்னோக்கி நகர்வதும் உண்டு. அதை மீன் சுருங்கியதாக யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் பெரிய மீன் கூட்டம் வந்து சேர்ந்ததால் முகடு திடீரென்று முன்னே பாய்ந்தால், அதை மட்டும் வேகமான வளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். இணைக்கும் கோடு சிறிய நீளத்தில் செங்குத்தாகவும் பெரிய நீளத்தில் படிப்படியாகச் சரிந்தும் போக வேண்டும். நடுவில் ஒரு மாதம் மட்டும் திடீரென்று எகிறினால், அங்கே இரண்டு வெவ்வேறு குழுக்களை முடிச்சுப் போட்டிருக்கிறோம் என்று சந்தேகிக்க வேண்டும்.

வளர்ச்சிக் கோட்டை அமைத்தல்

லுட்விக் ஃபான் பெர்டலன்ஃபி 1938-இல் தந்த சமன்பாடே மீன்வளத் துறையில் இன்றும் பெருவழக்கு. சொற்களில் எழுதினால் அது இப்படி இருக்கும்: ஒரு வயதில் மீனின் நீளம், எல்லை நீளத்திலிருந்து (முடிவின்றி வாழ்ந்தால் மீன் நெருங்கக்கூடிய நீளம்), அதை எட்ட இன்னும் எஞ்சியுள்ள பகுதியைக் கழித்தது, அந்த எஞ்சிய பகுதி காலம் செல்லச் செல்ல அடுக்குக்குறிக் கணக்கில் தேய்ந்துகொண்டே வரும். தேய்வின் வேகத்தைச் சொல்வது ‘கே’ என்னும் கெழு. இது ஆண்டுக்கு இத்தனை செ.மீ. என்ற வளர்ச்சி அளவன்று. எல்லை நீளத்தை எவ்வளவு விரைவில் நெருங்குகிறது என்பதற்கான அளவு. மூன்றாவதாக, நீளம் சுழியாக இருந்திருக்கக்கூடிய கற்பனை வயதான தொடக்க வயது ஒன்றும் சமன்பாட்டில் உண்டு.

இவற்றில் முதலிரண்டைப் பெறும் எளிய வழி ஜான் கல்லண்டும் சிட்னி ஹோல்ட்டும் 1959-இல் கொடுத்தது. ஒரு குழுவின் முகடு ஜூலையில் 13.5, அக்டோபரில் 17.8, ஜனவரியில் 21.0, ஏப்ரல் தொடக்கத்தில் 23.3 செ.மீ. என்று தொடர்ந்திருக்கிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு இடைவெளியும் கால் ஆண்டு. முதல் இடைவெளியில் 4.3 செ.மீ. வளர்ச்சி, அதாவது ஆண்டுக்கு 17.2 செ.மீ. வேகம்; அப்போதைய நடு நீளம் 15.65 செ.மீ. இரண்டாவதில் வேகம் 12.8, நடு நீளம் 19.4. மூன்றாவதில் 9.2, நடு நீளம் 22.15. நடு நீளத்தைக் கிடை அச்சிலும் வேகத்தைக் குத்து அச்சிலும் வைத்து நேர்கோடு பொருத்தினால் சாய்வு ஏறத்தாழ −1.23, எனவே ‘கே’ ஆண்டுக்கு 1.23. கோடு கிடை அச்சை வெட்டும் இடம் ஏறத்தாழ 29.7 செ.மீ.; அதுவே எல்லை நீளம்.

இந்த எல்லை நீளம் நம்பத்தக்கதா என்பதை உடனே சோதிக்க ஒரு தோராய வழி உண்டு: ஆண்டு முழுதும் அளந்தவற்றில் மிகப் பெரிய மீனின் நீளத்தை 0.95-ஆல் வகுப்பது. 28.2 செ.மீ. மீன்தான் பெரியது என்றால் விடை 29.7, மேலே கண்டதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாமல் கோட்டின் எல்லை நீளம் 40 செ.மீ. என்று வந்தால், பெரிய மீன்களின் முகடுகள் போதிய அளவில் இல்லாததால் கோடு தன் போக்கில் நீண்டுவிட்டது என்று பொருள்.

தொடக்க வயதை நீளத் தரவு மட்டும் கொண்டு பெற முடியாது. டேனியல் பாலி தந்த அனுபவச் சமன்பாட்டில், தொடக்க வயதின் எதிர்க்குறி மதிப்பின் 10-அடிமான மடக்கை என்பது, −0.3922-இலிருந்து எல்லை நீள மடக்கையின் 0.2752 மடங்கையும் ‘கே’ மடக்கையின் 1.038 மடங்கையும் கழித்தால் வருவது. நம் எண்களை இட்டால் தொடக்க வயது −0.13 ஆண்டு. இனி எந்த நீளத்துக்கும் வயது சொல்லலாம். 20 செ.மீ. மீன் எல்லை நீளத்தின் 67 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எஞ்சிய 33 சதவீதத்தின் இயல் மடக்கையை 1.23-ஆல் வகுத்துக் குறியை மாற்றி, 0.13-ஐக் கழித்தால் 0.78 ஆண்டு, அதாவது ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். கேரளத்தில் இந்த மீனுக்குச் சட்டப்படிக் குறைந்தபட்ச அளவாக 14 செ.மீ. வைத்திருக்கிறார்கள், நம் மாதிரிக் கணக்கில் அந்த நீளத்துக்கு வயது ஐந்து மாதத்தைத் தொடவில்லை. வாழ்நாளைத் தோராயமாக அறிய 3-ஐ ‘கே’யால் வகுக்கலாம்; இங்கே ஏறத்தாழ இரண்டரை ஆண்டு.

கையால் செய்து பழகிய பிறகு, 1981-இல் பாலியும் டேவிடும் உருவாக்கிய எலிஃபான் முறைக்குப் போகலாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட ஃபைசாட் மென்பொருளிலும், ‘ஆர்’ நிரல்மொழிக்கான ட்ராப்ஃபிஷ்ஆர் தொகுப்பிலும் அது உள்ளது. ஒவ்வொரு மாதப் பரவலையும் ஓடும் சராசரியோடு ஒப்பிட்டு, மேடுகளுக்கு நேர்மதிப்பும் பள்ளங்களுக்கு எதிர்மதிப்பும் தந்து, மேடுகள் வழியே மிகுதியாகச் செல்லும் வளர்ச்சிக் கோட்டை அது தேடுகிறது. இதில் பலர் சிக்கும் கண்ணி ஒன்று உண்டு. எல்லை நீளம் பெரிதாகவும் ‘கே’ சிறிதாகவும் உள்ள கோடும், எல்லை நீளம் சிறிதாகவும் ‘கே’ பெரிதாகவும் உள்ள கோடும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெறும். மென்பொருள் அவற்றில் ஒன்றை ‘சிறந்தது’ என்று மூன்று தசமத் துல்லியத்தோடு அச்சிட்டுக் கொடுக்கும். ஆகவே எல்லை நீளத்தை வேறு வழியில் நியாயமான வரம்புக்குள் நிறுத்திவிட்டு, மதிப்பெண் நெருக்கமாக உள்ள எல்லா இணைகளையும் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இணைகளை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட, ‘கே’யின் 10-அடிமான மடக்கையோடு எல்லை நீள மடக்கையின் இரு மடங்கைக் கூட்டிய வளர்திறன் குறியீடு உதவும். நம் எண்களுக்கு அது 3.04. ஒரே இனத்தில் இந்த எண் அதிகம் விலகுவதில்லை. உங்கள் விடை மட்டும் வெகுதூரம் தள்ளி நின்றால், மீனைச் சந்தேகிக்குமுன் மாதிரியைச் சந்தேகியுங்கள்.

செவிக்கல்லில் சரிபார்த்தல்

மீனின் தலைக்குள் மூன்று இணை செவிக்கற்கள் உள்ளன. வயதறிய வழக்கமாக எடுப்பது அவற்றில் பெரும்பாலான மீன்களில் பெரியதான சாஜிட்டா என்னும் இணை. கத்தாழை மீனில் அது விரலில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரிது. கானாங்கெளுத்தியில் மெல்லியது, எளிதில் ஒடியக்கூடியது. கண்களுக்கு மேல் தொடங்கித் தலையின் மேற்பகுதியைக் கிடையாகச் சீவித் திறந்து, மூளையை விலக்கினால், அதன் பின்பகுதிக்குக் கீழே இருபுறமும் கற்கள் தெரியும். நுண்ணிடுக்கியால் எடுத்து, ஒட்டியுள்ள சவ்வை நீரில் கழுவி, உலர்த்தி, மீனின் எண் எழுதிய சிறு குப்பியில் வைக்க வேண்டும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, ஃபார்மலினில் உருவாகும் அமிலம் அதை அரித்துவிடும்.

ஆண்டு வளையம் நம்பத்தகாத இடத்தில் நாள் வளையம் கைகொடுக்கும். செவிக்கல்லில் நாளுக்கு ஒரு நுண்வளையம் படிகிறது என்பதை ஜியார்ஜியோ பன்னெல்லா 1971-இல் அறிவித்தார். அவற்றைக் காண, கல்லைக் கண்ணாடித் தகட்டில் தெளிவான பசையால் ஒட்டி, ஈரமான நுண் உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து, திருப்பி ஒட்டி மறுபக்கமும் தேய்த்து, நடுக்கரு தெரியும் வரை மெலிதாக்க வேண்டும். சில தேய்ப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருங்கள். கருவைக் கடந்து தேய்ந்துவிட்ட கல்லில் முதல் நாட்கள் போய்விட்டிருக்கும், அதை எண்ணுவதில் பயனில்லை. எண்ணுவதற்கு 400 மடங்கு முதல், எண்ணெய் வில்லையோடு 1,000 மடங்கு வரை பெரிதாக்கம் தேவை. ஓராண்டை நெருங்கும் மீனில் வெளிவிளிம்பு வளையங்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் எண்ணிக்கை குறைந்தே வரும். அதனால் இந்தச் சோதனைக்கு இளமீன்களையே எடுக்க வேண்டும். முதிர்ந்த மீனின் நாள் வளையத்தை எண்ணி வயது சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எண்ணுபவருக்கு மீனின் நீளம் தெரியக் கூடாது. தெரிந்தால், பெரிய மீனில் கண் தானாகவே கூடுதல் வளையத்தைக் கண்டுபிடிக்கும். இருவர் தனித்தனியே எண்ண வேண்டும், அல்லது ஒருவரே சில வாரம் கழித்து மீண்டும் எண்ண வேண்டும். ஒரு கல்லில் ஒருவர் 128, மற்றவர் 136 என்று எண்ணினால் சராசரி 132. ஒவ்வொருவரும் அதிலிருந்து 4 விலகியதால் சராசரிப் பிழை 3 சதவீதம், மாறுபாட்டுக் கெழு (திட்டவிலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 4.3 சதவீதம். எல்லாக் கற்களுக்கும் சேர்த்து மாறுபாட்டுக் கெழு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். இருவரும் ஒத்துப்போவது இருவரும் சரி என்பதற்குச் சான்றாகாது என்பதையும் மறக்க வேண்டாம். வளையம் உண்மையில் நாளுக்கு ஒன்றா என்பதைக் காட்ட, உயிருள்ள இளமீன்களுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற ஒளிரும் சாயம் ஏற்றித் தொட்டியில் வளர்த்து, ஒளிரும் கோட்டுக்கு வெளியே உள்ள வளையங்களைக் கழிந்த நாட்களோடு ஒப்பிட வேண்டும். கானாங்கெளுத்தி கைபட்டாலே செதில் உதிர்ந்து மாளும் மீன் என்பதால் இது எளிதன்று. அந்த வசதி இல்லாதவர், வளையம் நாளுக்கு ஒன்று என்பது தாம் எடுத்துக்கொண்ட ஊகம் என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

இப்போது இரண்டு வழிகளையும் எதிரெதிரே வைக்கலாம். நம் நீளக் கணக்குப்படி 13.5 செ.மீ. மீனுக்கு வயது 0.36 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 132 நாள். அதே நீள மீன்களின் செவிக்கற்களில் 130-க்கு அண்மையில் எண்ணிக்கை வந்தால் முகடுகளை இணைத்தது சரியாக இருக்க வாய்ப்பு மிகுதி. 240 வந்தால், நீளவழி ‘கே’ மிகையாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இரண்டு பிறப்புக் குழுக்களை ஒன்றாகப் பின்னியிருக்கிறோமா என்று முகடு வரைபடத்துக்குத் திரும்ப வேண்டும். எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கிடைக்கும் பிறந்த மாதம், சினை முற்றிய மீன்களை நீங்கள் கண்ட மாதத்தோடு பொருந்துகிறதா என்பது மூன்றாவது சோதனை.

அறிக்கை எழுதும்போது எல்லை நீளத்தையும் ‘கே’யையும் தனியே தராமல், அளந்தது கவை நீளமா மொத்த நீளமா, எந்தெந்த வலை, எந்தெந்த மாதம், ஒவ்வொரு மாதமும் எத்தனை மீன், தடைக்கால இடைவெளியை எப்படிக் கையாண்டீர்கள், மதிப்பெண் நெருங்கிய மற்ற இணைகள் எவை என்பவற்றையும் சேர்த்தே தாருங்கள். பிரிவாகத் தொகுக்காத மூல அளவுத் தாள்களையும், ஒவ்வொரு இணைக் கல்லிலும் தேய்க்காமல் வைத்த மற்றொன்றையும், மீனின் எண்ணும் அதன் குப்பியும் ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் பாதுகாத்து வைத்தால், பின்னால் வேறொருவர் அதே மீனை மறுபடி எண்ணிப் பார்க்க முடியும்.